என் கணவரின் ராஜினாமா

அந்தக் கதவு நல்ல தேக்கு. பித்தளைக் கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றி மட்டும் மரம் கறுத்துப்போயிருந்தது. எத்தனையோ பேர் கைபட்டு ஏறிய கறுப்பு. அதையே பார்த்தபடி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே என் கணவர் சக்கர நாற்காலியில் இருந்தார். எதிரில் சபாநாயகர். பக்கத்தில் சட்டமன்றச் செயலாளர். வேறு யாரும் அறையில் இருக்கக் கூடாது என்று சபாநாயகர் சொல்லிவிட்டார்.

"நீங்களும் வெளிய இருங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நாற்காலியின் பிரேக்கைப் போட்டேன். சரிந்து தொங்கிய அவருடைய வலது கையை எடுத்து மடியில் வைத்தேன். வெளியே வந்தேன். கதவு சாத்திக்கொண்டது.

பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தை மட்டும் கொண்டுபோகவில்லை. பேச்சையும் கொண்டுபோயிருந்தது. ஒரே ஒரு சொல்தான் மிச்சம். "பாக்கலாம்." பசிக்கிறதா என்று கேட்டால் "பாக்கலாம்." வலிக்கிறதா என்றாலும் "பாக்கலாம்." கோபம் வந்தால் அதையே உரக்கச் சொல்வார். அழுதாலும் அதுதான்.

அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அவர் இப்போது, 'யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் என் சட்டமன்ற உறுப்பினர் பதவியை விட்டு விலகுகிறேன்' என்று ஒருவரை நம்பவைக்க வேண்டும்.

பெஞ்சின் அடுத்த முனையில் ராஜன் உட்கார்ந்திருந்தார். எங்கள் மாவட்டத்தில் கட்சியைக் கையில் வைத்திருந்தவர். என் கணவரை அண்ணன் என்பார், என்னை மைனி என்பார். எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் முதல் ஆளாக வந்து நின்றவர். அன்று காலையிலிருந்து என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ரிலீவர்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என்னை வார்டு நர்ஸாகத்தான் தெரியும். சென்ற வாரம் எழுதியதில்கூடப் பிரசவ வார்டில் கைக்கொன்றாக இரட்டைக் குழந்தைகளை ஏந்திக்கொண்டு நின்றிருந்தேன். இந்த வாரம் என் சொந்த வீட்டுக்குள் வர வேண்டியிருக்கிறது. இதுவரை தள்ளிப்போட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் திடீரென்று வரவில்லை என்றால் மேட்ரன் அம்மா ரிலீவர் ஒருத்தியை அனுப்புவார். அவள் வந்து சார்ட்டைப் புரட்டுவாள், டிரேயை எடுப்பாள், வேலை நடக்கும். பாதி நோயாளிகளுக்கு ஆள் மாறியது தெரியக்கூடத் தெரியாது. என் சர்வீஸ் முழுவதும் பார்த்தது அதுதான். யாருக்குச் சுகமில்லாமல் போனாலும் அந்த இடத்தில் இன்னொருவர் வந்து நிற்பார்.

எம்.எல்.ஏ.வுக்கு ரிலீவர் கிடையாது என்பது என் கணவர் விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் பெயர் ஞானதாஸ். தக்கலை கோர்ட்டில் வக்கீல். கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஓட்டுக் கேட்கப் போனவர். இரண்டு தடவை தோற்றார். அப்போதெல்லாம் என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. மூன்றாவது தடவை ஜெயித்துவிட்டு வந்தபோது கழுத்து நிறைய மாலை. உள்ளே வந்து சட்டையைக் கழற்றினால் முதுகெல்லாம் வேர்க்குரு. பவுடர் போட்டுவிட்டேன். "சாந்தா, ஜெயிச்சிட்டேன் என்னா?" என்று குழந்தை மாதிரி திரும்பத் திரும்பக் கேட்டார்.

விழுந்தது ஒரு ரேஷன் கடைக் கட்டடத் திறப்பு விழாவில். நான் முன்வரிசையில் இருந்தேன். மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து யாரோ, "சார், எங்க ரோடு எப்பம்?" என்று கேட்டார்கள். "பாக்கலாம்" என்றார். "பாக்கலாம், பாக்கலாம்." மூன்றாவது தடவை சொல்லும்போது வாயின் வலது ஓரம் கீழே இறங்கியது. மற்றவர்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து ஓடினேன். மேடைப் படியில் செருப்பு கழன்று போனது. அவர் மைக்கைப் பிடித்தபடியே என் மேல் சரிந்தார்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கண் விழித்தபோது முதலில் சொன்னதும் அதே சொல்தான். புரிவது எல்லாம் புரிந்தது. சொல்லத்தான் வரவில்லை. தலையாட்டலையும் நம்ப முடியாது. வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு வேண்டும் என்று ஆட்டிவிடுவார், பிறகு தானே தொடையில் அடித்துக்கொள்வார். இந்த மாதிரி நோயாளிகளைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன். அது என் வீட்டுக் கட்டிலில் இருக்கும்போது பார்ப்பது வேறு.

சாயாக்கடைச் சட்டம்

ஊரில் ஆளுக்கொரு சட்டம் பேசினார்கள்.

"ரெண்டாவது வந்தவருக்குத் தூக்கிக் குடுத்துர வேண்டியதுதானே?" என்றார் பால் கொண்டுவருகிறவர். "அதுக்குத்தானே ஓட்டு எண்ணி வச்சிருக்காவ?"

"கட்சிதான் வேற ஆளப் போடும். கம்பெனியில போடதில்லியா, அது மாதிரி" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

சர்ச்சில் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி நீதானட்டி எம்.எல்.ஏ.? புருசன் எடம் பெஞ்சாதிக்குத்தானே வரும்?" என்று கேட்டார். நிலத்துப் பட்டா மாறுகிற மாதிரி நினைத்திருந்தார்.

இதில் ஒன்றும் நடக்காது. ஒருவர் படுத்துவிட்டதால் மட்டும் அந்த இடம் காலியாகிவிடாது. அவர் இறக்க வேண்டும். அல்லது தானாக எழுதிக் கொடுக்க வேண்டும். அல்லது பதவியைப் பறிக்கிற மாதிரி ஏதாவது நடக்க வேண்டும். அனுமதி வாங்காமல் அறுபது நாள் சபைக்கு வராமல் இருந்தால், சபை நினைத்தால் அந்த இடத்தைக் காலி என்று அறிவிக்கலாம். அனுமதி வாங்கிவிட்டால் அதுவும் இல்லை. காலியான பிறகும் யாரையும் தூக்கி உட்கார வைக்க முடியாது. திரும்ப ஓட்டுப் பெட்டிக்குத்தான் போக வேண்டும். ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல்.

இதையெல்லாம் யார் எனக்குச் சொல்லித் தந்தது என்று கேட்டால், ராஜன்தான். அவர் சொல்லித் தந்த நோக்கம் வேறு.

பெருவிரலில் மை

ஆஸ்பத்திரியில் இருந்தபோதே ஒரு நாள், மருந்து வாங்கிக்கொண்டு வந்து பார்த்தேன். அவருடைய வலது கைப் பெருவிரலில் ஊதா மை. அசையாத கை. மை தானாக வந்து ஒட்டாது.

வெளியே ராஜன் ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்கு ராஜா கைநாட்டு?"

"சபைக்கு வர முடியல்லன்னு லீவு விண்ணப்பம் மைனி. சும்மா ஒரு முறைக்கு."

"அவிய கிட்ட கேட்டியளா?"

"கேட்டேன். பாக்கலாம்னாவ."

அன்று எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. ஸ்பிரிட் போட்டு விரலைத் துடைத்தேன். என் கணவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடைய விரலையோ பார்ப்பது போல.

அடுத்த கூட்டத்தொடர் வருவதற்கு முன் ராஜன் மறுபடி வந்தார். அதற்குள் என் கணவரை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். முன்னறையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ராஜன் மை டப்பாவைத் திறந்தார். என் கணவர் தன் நல்ல கையால் விளங்காத கையைப் பிடித்து இழுத்துத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். பிறகு நல்ல கையையும் அடியில் வைத்துக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, வெளையாடாதீங்க."

"பாக்கலாம்!" என்றார். வீடு அதிர்ந்தது.

ராஜன் என்னை அடுக்களைப் பக்கம் கூப்பிட்டார்.

"மைனி, நான் தெறந்தே சொல்லுதேன். இப்பம் இடைத்தேர்தல் வந்தா நாம தோத்துருவோம். தோத்தா பொதுத்தேர்தல்ல தலை தூக்க முடியாது. இன்னும் கொஞ்ச மாசம் பைய ஓட்டிட்டோம்னா சபைக்கு மிச்சம் ஒரு வருசத்துக்குள்ள ஆயிரும். ஒரு வருசத்துக்குக் கொறவா கெடந்தா இடைத்தேர்தலே வைக்க மாட்டாவ. அண்ணன் பேருல அப்படியே இருந்துட்டுப் போட்டும். ஆருக்கு என்ன நட்டம்?"

"தொகுதிக்கு?"

"தொகுதி எங்கயும் ஓடியா போவுது?"

எனக்கும் அது உறுத்தவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வாசலில் காத்து நிற்பவர்களிடம் "சாருக்குச் சுகமில்லை" என்று சொல்லிப் பழகிவிட்டேன். பிசியோதெரபி, மாத்திரை, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது என்று என் நாள் சரியாக இருந்தது. பதவி ஒரு பக்கமாகக் கிடக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

லீலா

மழைக்காலத்தில் ஒரு காலை லீலா வந்தாள். சானல் என்று நாங்கள் சொல்லும் பாசனக் கால்வாயின் கரைக் குடியிருப்பில் இருப்பவள். முந்திரி ஆலையில் வேலை. அவர்கள் பக்கத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகச் சானலைக் கடக்க வேண்டும். அங்கிருந்த சின்னப் பாலம் இடிந்து போய், ஒரு தென்னந்தடியைக் குறுக்கே போட்டிருந்தார்கள். பாலத்துக்காக அவள் முன்பே பல தடவை மனு கொண்டுவந்திருக்கிறாள். நானே வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்று கையில் மனு இல்லை. சேலை முழங்கால்வரை நனைந்து சேறாக இருந்தது.

"சிஸ்டர், சாரைப் பாக்கணும்."

"சாருக்குச் சுகமில்ல லீலா."

"தெரியும். பாக்கணும்."

என்னைத் தாண்டி உள்ளே போனாள். என் கணவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். அவர் முன்னால் போய் நின்றாள்.

"எம் பிள்ள இன்னிக்குச் சானல்ல விழுந்துட்டா சார். வழுக்கிட்டு. கீழ வாழைக்கு மண்ணு அணைச்சிட்டிருந்த ஆளு கையில அம்பிட்டா. இல்லன்னா போயிருப்பா. ஆஸ்பத்திரியில கெடக்கா."

அவர் கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ்ல கேட்டா எம்.எல்.ஏ. எழுதித் தந்தா எம்.எல்.ஏ. நிதியில செய்யலாம்ங்காவ. பஞ்சாயத்துல பணமில்லங்காவ. இங்க வந்தா சாருக்குச் சொகமில்லங்காவ. நான் ஆருகிட்ட போவேன்? சொகமில்லாதவரை ஏசப்படாது. எனக்குத் தெரியும். ஆனா சார், நீங்க கெடந்தா நாங்களும் கூடக் கெடக்கணுமா?"

அவர் வாய் கோணியது. தொண்டையில் நரம்பு புடைத்தது. ஏதோ ஒன்றைச் சொல்ல உடம்பு முழுவதும் முயன்றது. வெளியே வந்தது அதுதான்.

"பாக்கலாம்."



"இப்பமும் அதானா சார்?"

அவளுக்குத் தெரியாது. அவருக்கு வேறு சொல் இல்லை என்பது வெளியில் யாருக்கும் தெரியாது. அதை நாங்கள் மறைத்துத்தான் வைத்திருந்தோம். அவள் திரும்பி நடந்து போய்விட்டாள். தரையில் அவள் பாதத்துச் சேறு. நான் பின்னால் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் ஆட்டோ ஏறிவிட்டாள்.

திரும்பி வந்தபோது என் கணவர் அழுதுகொண்டிருந்தார். கண்ணீரை இடது கையால் துடைத்துத் துடைத்து மேசையைக் காட்டினார். தண்ணீர் கொடுத்தேன்; தட்டிவிட்டார். கண்ணாடியைக் கொடுத்தேன், வேண்டாம். கடைசியில் அவருடைய லெட்டர் பேடை நீட்டினேன். பிடுங்கிக்கொண்டார். பேனாவை இடது கையில், குழந்தை பிடிப்பது போல முஷ்டியாகப் பிடித்தார். தலைப்பில் அவர் பெயர் அச்சாகியிருக்கும். அதன் கீழே 'சட்டமன்ற உறுப்பினர்' என்று இருக்கும். பெயரை விட்டுவிட்டார். கீழே இருந்த இரண்டு வார்த்தைகளின் மேல் ஒரு கோடு அடித்தார். தாள் கிழிகிற மாதிரி.

"விட்டுரணுமா?" என்று கேட்டேன். தலையாட்டினார்.

தலையாட்டலை நம்பக் கூடாது என்று எனக்குத் தெரியும். அதனால் மாற்றிக் கேட்டேன். "இருக்கணுமா?"

அந்தக் கோட்டின் மேலேயே இன்னொரு கோடு அடித்தார்.

எழுத்துப் பயிற்சி

ராஜினாமாவைத் தன் கைப்பட எழுதி சபாநாயகருக்குக் கொடுக்க வேண்டும். அது அவருடைய சொந்த விருப்பம்தான் என்று சபாநாயகருக்குத் திருப்தியாக வேண்டும். இல்லையென்றால் ஏற்க மாட்டார்.

நாங்கள் தினமும் உட்கார்ந்தோம். நான் பெரிய எழுத்தில் எழுதிவைப்பேன். அவர் அதைப் பார்த்து இடது கையால் எழுதுவார். 'விலகுகிறேன்' என்ற சொல் அவரைப் படாதபாடு படுத்தியது. 'கு'வும் 'கி'யும் அடுத்தடுத்து வரும் இடத்தில் பேனா நின்றுவிடும். ஆத்திரத்தில் பேனாவை எறிவார். பொறுக்கிவந்து கொடுப்பேன்.  நாள் போய்க்கொண்டிருந்தது. ராஜன் சொன்ன அந்த ஒரு வருஷக் கணக்குக்குள் போய்விட்டால் ராஜினாமா செய்தும் புண்ணியமில்லை. நாற்காலி வெறும் நாற்காலியாகவே கிடக்கும்.

கடைசியில் ஒரு நாள் முழு வாக்கியமும் வந்தது. கோணல்மாணலாக இருந்தாலும் வாசிக்க முடிந்தது. ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன்.

சில நாளில் சென்னையிலிருந்து போன் வந்தது. கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. உறுப்பினர் நேரில் வர வேண்டும்.

அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கட்சிப் பையன்கள் கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்திக்கொண்டு நின்றார்கள். 'சீட்டுக்கு ஆசைப்பட்டு சீக்காளிப் புருசனைக் கையெழுத்துப் போட வைத்தவள்' என்று வாட்ஸப்பில் என் படத்தைப் போட்டுச் சுற்றினார்கள். யூனிபாரத்தில் இருந்த பழைய படம். எங்கே பிடித்தார்களோ தெரியவில்லை. கடைத்தெருவில் என்னிடம் ஊசி போட்டுக்கொண்டு வளர்ந்தவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நாங்கள் நாகர்கோவிலில் ரயில் ஏறினோம். சக்கர நாற்காலியை மடக்கி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தால், அதே பெட்டியில் நாலு சீட் தள்ளி ராஜன்.

ராஜன் கேட்டது

பெஞ்சுக்குத் திரும்பி வருகிறேன்.

உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு, கதவைத் தாண்டி அவர் குரல். "பாக்கலாம்." கொஞ்சம் இடைவெளி. மறுபடி "பாக்கலாம்."  சபாநாயகர் என்ன கேட்கிறார் என்று தெரியவில்லை. 'விலக விரும்புகிறீர்களா?' என்று கேட்டிருந்தால், இந்தப் பதில் போதும் திருப்பி அனுப்ப.

ராஜனும் அதைக் கேட்டார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. முதல் தடவையாக என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"மைனி. இது நடக்கப்போவதில்ல. என்னத்துக்கு வீண் சீரழிவு? வாருங்க, ஊருக்குப் போவோம்."

நான் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "சரி, நடந்துட்டுன்னே வச்சுக்குவோம். இடைத்தேர்தல் வருது. நீங்களே நில்லுங்க. மேலிடத்துல நான் பேசுதேன். அண்ணன் நாற்காலியத் தள்ளிக்கிட்டு நீங்க தெருவுல நடந்தாப் போதும். ஜனங்க அழுதுகிட்டுக் குத்துவாவ. வேற எவன் நின்னாலும் தோப்போம். நீங்க நின்னா ஜெயிப்போம்."

எனக்கு அது சுருக்கென்று படவில்லை என்பதுதான் உண்மை. ஒரு நிமிடம் யோசித்தேன். நான் படித்தவள். கூட்டத்தைச் சமாளிக்கத் தெரிந்தவள். லீலாவின் பாலத்துக்கு நானே கையெழுத்துப் போடலாம். என்ன தப்பு?

பிறகு ராஜன் சொன்னதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு. தெருத் தெருவாக. வாய் கோணிய என் கணவரை வெயிலில் உட்கார வைத்து, எல்லோரும் பார்க்கும்படி. அவர் "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டு வர, அதற்கும் ஜனங்கள் கை தட்ட.

"ராஜா," என்றேன். "இனிமே இதப் பேசாதிய."

அப்போது கதவு திறந்தது. செயலாளர் தலையை நீட்டினார். "அம்மாவை மட்டும் வரச் சொல்றார்."

ஐந்து துண்டுத் தாள்கள்

மேசைமேல் சிறு சிறு துண்டுத் தாள்கள் கிடந்தன. என் கணவர் வியர்த்துப்போயிருந்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது. பக்கத்தில் போகப் பார்த்தேன். சபாநாயகர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"முதல்ல அங்கேயே நின்னு கேளுங்க."

அவரும் ஒரு காலத்தில் வக்கீல். அது அவர் பேசிய விதத்தில் தெரிந்தது.

"வாயால கேட்டேன். எல்லாத்துக்கும் ஒரே பதில். வாக்கியத்தை எழுதச் சொன்னேன். எழுதினார். ஆனா அது நீங்க பழக்கிவிட்ட வாக்கியமா இருக்கலாமில்ல? கிளிக்குக்கூடப் பழக்கலாம். அதனால வேற ஒண்ணு செஞ்சேன்."

ஒரு துண்டில் 'தொடர்கிறேன்', ஒரு துண்டில் 'விலகுகிறேன்' என்று எழுதி, இடம் மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் என் கணவர் சரியாக 'விலகுகிறேன்' என்பதையே தொட்டிருக்கிறார். பிறகு இன்னும் மூன்று துண்டுகள். 'மனைவி', 'கட்சி', 'யாருமில்லை'.

"யார் உங்களைக் கட்டாயப்படுத்துறாங்கன்னு கேட்டேன். இதை எடுத்தார்."

சபாநாயகர் தூக்கிக் காட்டியது 'கட்சி'.

 முடிந்தது என்று நினைத்தேன். வற்புறுத்தல் என்று வந்துவிட்டால் ராஜினாமா செல்லாது.

"நானும் திடுக்கிட்டுத்தான் போனேன்" என்றார் சபாநாயகர். "ராஜினாமா பண்ணச் சொல்லியா கட்டாயப்படுத்துறாங்கன்னு கேட்டேன். அதே சொல்லைக் கத்தினார். மேசையை அடிச்சார். பேனாவைப் பிடுங்கினார். இதைப் பாருங்க."

துண்டுத் தாளின் பின்பக்கம், இடது கைக் கிறுக்கலில் ஒரே சொல். 'செய்யாதே'.

அந்தச் சொல்லை நான் அவருக்குப் பழக்கவில்லை. எங்கள் பயிற்சியில் அது இல்லவே இல்லை. எங்கிருந்து தோண்டி எடுத்தாரோ. 'ய்'யின் புள்ளி தாளைக் குத்திக் கிழித்திருந்தது.

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சபாநாயகர் என் பக்கம் திரும்பினார். "ஒரு கேள்வி. சட்டம் இதைக் கேட்கச் சொல்லலை. ஆனா நான் கேக்குறேன். அடுத்த வேட்பாளர் நீங்கதானா?"

"இல்ல சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க. நிக்கறது உங்க உரிமை. நின்னா தப்புன்னு நான் சொல்லமாட்டேன்."

"யோசிச்சுட்டேன் சார். வெளிய பெஞ்சுல உக்காந்து யோசிச்சேன். இவிய விலகுறது இவிய விலகுறதா மட்டும் இருக்கட்டும். அதுக்குப் பின்னால நான் நின்னா, இந்தத் துண்டுத் தாள் ஒண்ணையும் ஊர்ல ஒருத்தரும் நம்ப மாட்டாவ."

 சபாநாயகர் என் கணவரின் கடிதத்தை இழுத்து, ஓரத்தில் எழுதத் தொடங்கினார். பேனா உரசுகிற சத்தம் மட்டும். எழுதி முடித்து எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து, என் கணவரின் இடது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏத்துக்கிட்டேன் வக்கீல் சார்."

என் கணவரிடமிருந்து அந்த ஒரு சொல்கூட வரவில்லை. நாற்காலியில் அப்படியே பின்னால் சாய்ந்தார். அவர் தோள் இறங்கியதை அன்றுதான் பார்த்தேன். விழுந்த நாளிலிருந்து அது விறைத்தேதான் இருந்தது.

காலி, பிறகு

அரசிதழில் இடம் காலி என்று வந்தது. ஒரு வருஷக் கணக்கு நெருங்கிக்கொண்டிருந்தாலும் தாண்டவில்லை. தேர்தல் தேதி அறிவித்தார்கள். எங்கள் தெருவில் மறுபடி கொடி, மறுபடி ஒலிபெருக்கி. எங்கள் வீட்டுக் கேட்டில் மட்டும் எந்தக் கட்சிக் கொடியும் கட்டவில்லை.

வேறு யாரும் முன்வராததால் ராஜனே நின்றார். பிரசாரத்துக்கு எங்கள் தெருவுக்கும் வந்தார். ஜீப்பில் கைகூப்பிக்கொண்டு நின்றவர், எங்கள் வீடு வந்ததும் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். என் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து இடது கையைத் தூக்கியபடியே இருந்தார். ஜீப் போன பிறகும் கொஞ்ச நேரம் தூக்கிவைத்திருந்தார்.

ராஜன் தோற்றார். அதிக வித்தியாசம் இல்லை. அதற்கு நான்தான் காரணம் என்று இன்றுவரை சொல்லிவருகிறாராம். நான் நின்றிருந்தால் ஜெயித்திருக்கலாம். அவர் சொன்னது தப்பில்லை. கல்யாண வீடுகளில் எதிர்ப்பட்டால் நான் வணங்குவேன். அவர் கைபேசியைப் பார்ப்பார்.

ஜெயித்தது எதிர்க்கட்சிக்காரர், என் கணவரை எதிர்த்துக் கோர்ட்டில் வாதாடிய வக்கீல் ஒருவர். சானலுக்குக் குறுக்கே வேலை தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை.

வாக்கு எண்ணி முடித்த மறுநாள் காலை நடந்ததைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

அவர் ஜெயித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். விடிந்ததும் அவர் குளித்து, வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஜனங்கள் வந்துவிடுவார்கள். அவர் விழுந்த பிறகும் நான் குளிப்பாட்டி உடுத்திவிட்டு, அதை விடவில்லை. அன்றும் வெள்ளை வேட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் இடது கையால் தள்ளிவிட்டார். கொடியில் கிடந்த கட்டம் போட்ட லுங்கியைக் காட்டினார். உடுத்திவிட்டேன். குளிப்பாட்டவும் விடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வாசலில் யாரோ கேட்டைத் தட்டினார்கள். ஒரு பெரியவரும் அவருடைய மகளும். பெரியவர் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் மனு.

"சார் இல்ல" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் பெரியவர் கேட்டார். "சிஸ்டர், இந்தப் புது எம்.எல்.ஏ. வீட்டுக்கு எப்படிப் போவணும்? இந்தப் பக்கம்தான்னு சொன்னாவ."

"நேர போய், பஸ் ஸ்டாண்டு தாண்டி, வலது பக்கம் ரெண்டாவது தெரு" என்றேன். "சீக்கிரம் போங்க. காலையிலே கூட்டம் வந்துரும்."

அவர்கள் போனார்கள். நான் உள்ளே வந்தபோது என் கணவர் மல்லாந்து, வாயைத் திறந்தபடி நல்ல தூக்கத்தில் இருந்தார். வெயில் முகத்தில் விழுந்தது. ஜன்னலைச் சாத்தினேன்.